வீரம்மாள் பிரட்டில் ஒரு பேர்

துணைவேந்தர் இல்லாமல்கூட ஒரு பல்கலைக்கழகம் ஆறு மாதம் காலம் தள்ளிவிடும். வீரம்மாள் இல்லாமல் பொருளியல் துறையில் ஒரு வைவா நடக்காது. இதை வீரம்மாளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா?

கொடைக்கானலில் அந்தத் துறைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கல் சுமந்தவள் அவள். அப்போது வயது பதினெட்டு. கட்டி முடித்த கையோடு அதே கட்டடத்தைத் தினக்கூலிக்குக் கூட்ட வந்தாள். பதினோரு வருஷம் கூட்டியபின் நிரந்தரமானாள். அதற்கப்புறம் முப்பது வருஷம் அலுவலக உதவியாளர். படிப்பு என்று பார்த்தால், இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியா வந்து, இங்கே ஐந்தாம் வகுப்பு. அவ்வளவுதான்.

"நான் படிச்சது அஞ்சு. நான் பாத்து வெளிய அனுப்புன எம்.ஏ. அறுநூறு. எந்தப் புரொபசர் அறுநூறு பாத்திருக்காரு, சொல்லுங்க பாப்போம்" என்பாள். 

வைவா என்பது சாதாரணக் காரியம் இல்லை. இரண்டாம் வருஷப் பிள்ளைகள் ஆறு மாதம் அலைந்து எழுதிய ஆய்வேட்டை, வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் முன்னால் நின்று, திரையில் படம் போட்டு விளக்க வேண்டும். பத்து நிமிஷம் பேச்சு, ஐந்து நிமிஷம் கேள்வி. வருகிற பேராசிரியருக்குத் தங்க இடம், புரொஜெக்டருக்குக் கரண்ட், கரண்ட் போனால் பேட்டரி, பிள்ளைகள் மயங்கி விழுந்தால் குளுக்கோஸ், எல்லாம் வேண்டும். துறைத் தலைவர் தேவகுமாரி மேடம் கையெழுத்துப் போடுவார். மிச்சம் எல்லாம் வீரம்மாள்.

அவளுக்கு என்று ஒரு முறை உண்டு. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதற்குப் பிரட்டு என்று பேர். வைவா அன்று காலையில் வீரம்மாள் வராந்தாவில் பிரட்டுப் போடுவாள். சேலை கட்டிய பிள்ளைகள் வரிசையில் நிற்கப் பேர் கூப்பிடுவாள். பேர் கூப்பிட்டபோது வாயைத் திறக்காத பிள்ளை உள்ளேயும் வாயைத் திறக்காது என்பது அவள் கண்ட உண்மை.

இன்னொன்று, யாருக்குப் பின்னால் யார் என்ற வரிசை. அதையும் அவள்தான் போடுவாள். கொழுந்து பறிக்க ஆளுக்கொரு செடி நிரை பிரித்துக் கொடுக்கும்போது, கை வேகக்காரிக்குப் பக்கத்தில் கை மந்தக்காரியை விடுவார்கள். அதே கணக்குத்தான். பயந்த பிள்ளையைக் காலையில் முதலில் தள்ளிவிட வேண்டும். பேச்சுக்காரியைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேராசிரியர் தூங்கிவிடுவார். விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்குக் காலை. கீழேயிருந்து மலையேறி வருகிற பிள்ளைகளுக்கு மதியம். அறிவிப்புப் பலகையில் எல்லோருக்கும் காலை பத்து மணி என்றுதான் ஒட்டியிருக்கும். அது சட்டத்துக்கு. உண்மையான வரிசை முந்தின நாள் சாயங்காலம் வீரம்மாள் கையால் எழுதப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, வாட்சப் குழுவில் போகும்.

இந்த மே மாதம் பத்தொன்பது பேர். காலைக்குப் பதினொன்று, மதியத்துக்கு எட்டு. மதியத்தில் இரண்டாவது பேர் சத்தியபிரியா, அய்யம்பாளையத்துப் பிள்ளை. பரீட்சை முடிந்து விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். அவளுடைய டச் போன் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. கையில் அம்மாவின் பட்டன் போன்தான். அதில் வாட்சப் ஏது? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீரம்மாளே கூப்பிட்டாள். மேலே மழை வெளுத்து வாங்கியது. தகரக் கூரைச் சத்தத்தில் அவளுக்கே அவள் பேசுவது கேட்கவில்லை.

"சத்தியபிரியா! காலையில நீ வர வேண்டாம்மா. ஒனக்குப் பின்னேரம்!"

"என்னக்கா?"

"பின்னேரம்! பின்னேரம்!"

"சரிங்க்கா. அப்ப நீங்க சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேன்ல" என்று வீரம்மாள் வைத்துவிட்டாள். காலையிலேயே எழுந்து ஓடி வர வேண்டியதில்லை, பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஹால் தயார். புரொஜெக்டர் எரிந்தது. பனிமூட்டம் உள்ளே வராமல் ஜன்னல்களைச் சாத்தியாகிவிட்டது. ஒன்பது மணிக்குப் பிரட்டு. பதினோரு பேரும் குரல் கொடுத்தார்கள். விருதுநகரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் சேனாதிபதி, தடித்த கண்ணாடி போட்ட கறார் மனிதர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"மேடம், மூணரைக்கு நான் கார்ல இருக்கணும். எட்டு நாப்பதுக்குக் கோடை ரோட்டுல ரயில். சீசன் நேரம், ரோட்டுல எங்க நிப்பாட்டுவான்னு தெரியாது. மூணரைன்னா மூணரை."

"மூணே காலுக்கே முடிச்சுக் குடுத்துர்றேன்யா" என்றாள் வீரம்மாள். பதில் சொன்னது தேவகுமாரி மேடம் இல்லை, வீரம்மாள்தான்.

முதல் பிள்ளை பேச ஆரம்பித்ததும் அவள் வராந்தாவுக்கு வந்து, மதியத்துப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக போனில் கூப்பிட்டாள். பஸ்ஸில் இருக்கிறேன் என்றாள் ஒருத்தி. பெருமாள்மலை தாண்டிவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. கொடைக்கானல்காரி ஃபெமினா, அன்றைய பேச்சுக்காரி, மதியம் எட்டாவது பேராக இருந்தும் வேடிக்கை பார்க்கக் காலையிலேயே வந்து வீரம்மாள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கடைசியாக அய்யம்பாளையம்.

"சத்தியபிரியா, எந்த வளைவுலம்மா வர்ற?"

"வளைவா? வீட்லதாங்க்கா இருக்கேன். தேங்கா உரிச்சுக்கிட்டிருக்கோம்."

"தேங்காயா? இன்னைக்கு வைவா!"

"எனக்கு இன்னைக்கு இல்லன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. காலையில வராத, ஒனக்குப் பின்னே நேரம் சொல்றோம்னு."

"பின்னேரம்னுதானே சொன்னேன்!"

"அதத்தாங்க்கா நானும் சொல்றேன்."

வீரம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், தப்பு போனுக்குள் இருப்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பின்னேரம்னா மதியத்துக்கு மேல. இன்னைக்கு மதியத்துக்கு மேல."

அந்தப் பக்கம் தேங்காய் ஒன்று தரையில் விழும் சத்தம். அப்புறம் அம்மாக்காரியின் குரல், "ஏண்டி, யாருடி? ஏன் இப்படி முழிக்கிற?" அப்புறம் அழுகை.

"அக்கா, ஜூன்ல பழனியில ஸ்கூல் வேலைக்கா. மார்க் சீட்டு காட்டுனாத்தான் சேத்துக்குவாங்க. இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான வைவா?"

"அழுகாத. அழுதா நேரம் போகும். ஒங்கண்ணன் வண்டி இருக்கா?"

"இருக்கு."

"சேலையக் கட்டு. அண்ணன் வண்டியில வத்தலக்குண்டு வந்துரு. நான் ஆளு அனுப்புறேன். வெரசா!"

ஃபெமினா பிஸ்கட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, பின்னேரம்னா என்னக்கா? நானும் இப்பத்தான் கேள்விப்படுறேன்."

"ஒனக்கு அது தேவையில்ல."

"நாப்பது வருஷத்துல ஒரு தப்புப் பண்ணதில்லன்னு முந்தாநாள்தான சொன்னீங்க?"

"பிஸ்கட்டத் தின்னு."

அந்த மலையில் வீரம்மாளுக்குத் தெரியாத வண்டிக்காரன் கிடையாது. பள்ளங்கி ஊர்க்காரன் பொன்னுவேல் பிக்கப் வண்டியில் தினமும் விடியுமுன் கேரட் ஏற்றிக்கொண்டு கீழே போவான். பத்து மணிவாக்கில் காலி வண்டியோடு திரும்புவான். அவனைப் பிடித்தாள்.

"ஏலே பொன்னுவேலு, எங்கலே இருக்க?"

"வத்தலக்குண்டு மார்க்கெட்லக்கா. மூட்டைய எறக்கிட்டேன். டீ குடிச்சுட்டு ஏறணும்."

"டீயக் கீழ வையி. ஒரு லோடு ஏத்தணும்."

"எத்தன கிலோக்கா?"

"நாப்பத்தஞ்சு இருக்கும். சேலை கட்டிருக்கும். பேரு சத்தியபிரியா."

பொன்னுவேலுக்குப் புரை ஏறியது. விஷயத்தைச் சொன்னதும், "பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறேன்க்கா. ஒரு மணிக்கு மேல கொண்டாந்துருவேன்" என்றான்.

வீரம்மாள் பட்டியலை எடுத்து, மதியம் இரண்டாவதாக இருந்த பேரை அடித்துவிட்டுக் கடைசியில் எழுதினாள். தேவகுமாரி மேடத்திடம், "சத்தியபிரியாவக் கடைசியில வச்சிருக்கேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதி. 

ஒரு மணிக்கு வந்துவிடும் என்றால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் அல்லவா? ஆனால் பதினோரு மணிக்குப் பொன்னுவேல் கூப்பிட்டான். "அக்கா, பிள்ளை வந்திருச்சு. ஆனா அது படம் போடுற பென் டிரைவ், இங்க ஒரு கம்ப்யூட்டர் கடையில கெடக்காம். கடை இன்னும் தொறக்கல."

"கடைக்காரன் வீட்டுக்குப் போலே!"

"அண்ணங்காரன் போயிருக்கான்க்கா."

பன்னிரண்டுக்குத்தான் வண்டி கிளம்பியது. ஒரு மணிக்குப் பொன்னுவேல் பேசியபோது, டம் டம் பாறைக்கு மேலே சுற்றுலா வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்பதாகச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

ஒன்றே கால் மணிப் பிரட்டில் ஏழு பேர் நின்றார்கள். வீரம்மாள் ஏழு பேரையும் கூப்பிட்டாள். எட்டாவது பேரையும் கூப்பிட்டாள். யாரும் குரல் கொடுக்கவில்லை. "வந்துக்கிட்டிருக்கு" என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

ஃபெமினா கிட்டே வந்தாள். "அக்கா, நான் வேணா மெதுவாப் பேசட்டா? பத்து நிமிசத்த இருவது ஆக்கிருவேன். கேள்வி கேட்டா இருமுறேன். எனக்கு இருமல் நல்லா வரும்."

"ஒன் நெரய நீ ஒழுங்கா எடு. முத்துன எலையப் பறிச்சுக் கூடைய நெரப்பாத."

"அப்ப ஜாம்னு சொல்லிருங்க. ஜாம்தான உண்மையிலயே?"

வீரம்மாள் பட்டியலை மடித்து இடுப்பில் செருகினாள். அந்த யோசனை அவளுக்கும் பத்து மணியிலிருந்தே இருந்தது. ஜாம் என்பதற்குச் சாட்சி வேண்டாம். மே மாதம் கொடைக்கானலில் ஜாம் இல்லை என்று எவன் சொல்வான்?

ஃபெமினா பேசி முடித்தபோது மணி மூன்று பத்து. சொன்னதைவிட ஐந்து நிமிஷம் முந்தி முடித்திருந்தாள் வீரம்மாள். வேறொரு வருஷமாக இருந்தால் இதையே பத்து நாள் சொல்லித் திரிந்திருப்பாள். சேனாதிபதி மதிப்பெண் தாளை முன்னால் இழுத்தார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்களே?"

"ஜாம்ல மாட்டிக்கிச்சுய்யா" என்றாள் வீரம்மாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"ஜாம் எல்லாருக்கும்தாம்மா. மே மாசம்னு தெரியும்ல? நேத்தே வந்து தங்கியிருக்கணும். கீழருந்து வந்த மத்த பிள்ளைகல்லாம் வந்துட்டாங்கள்ல? பொறுப்பு இல்லாத பிள்ளைக்கு நாம என்ன பண்ண முடியும்? ஆப்சென்ட் போட்டுருங்க மேடம்."

தேவகுமாரி மேடம் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். அந்தச் சத்தம் வீரம்மாளுக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். ஒருநாள் பிரட்டுக் களத்தில் கங்காணி அவள் அப்பாவின் பேரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டேன், ஆள் வாய் திறக்கவில்லை என்று அடித்துப் பேசினான். கணக்குப்பிள்ளை பேனாவைத் திறந்து பேரை வெட்டினார். அப்பா அன்றைய கூலி இல்லாமல் லயத்து வீட்டுக்குத் திரும்பி, அந்தக் கங்காணியை அவர் சாகிற வரை திட்டினார். வீரம்மாளும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறாள். இன்றைக்குக் கங்காணி யார்?

"பேர வெட்டாதீங்க மேடம்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. புரொஜெக்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கு. தப்பு என்னோடது. நேத்து போன்ல ஒனக்குப் பின்னேரம்னு சொன்னேன். தேதியே தள்ளிப் போச்சு, பெறகு சொல்வாங்கன்னு அது நெனச்சுக்கிச்சு. காலையில நான் கூப்புட்டப்ப வீட்ல தேங்கா உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் கெளம்பி, பென் டிரைவுக்கு ஒரு மணி நேரம் நின்னு, ஜாம்ல நிக்கிது. காலையிலேயே மேடத்துக்கிட்ட சொல்லிருக்கணும். சொல்லல. கௌரவம் பாத்தேன்."

சேனாதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பின்னேரம்னா என்னம்மா?"

"மதியத்துல இருந்து பொழுது சாயிற வரைக்கும் பின்னேரம்யா. நாங்க இலங்கைத் தோட்டத்துல இருந்து வந்த ஆளுக. எங்க வீட்ல அப்படித்தான்."

"வீரம்மா, முப்பது வருஷமா எங்கிட்ட மதியம்னுதான சொல்றீங்க?" என்றார் தேவகுமாரி மேடம்.

"ஒங்ககிட்ட மதியம் மேடம். பிள்ளைககிட்டப் பேசுறப்ப வீட்டுப் பேச்சு வந்துருது."

 பிறகு மேடம் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "துறையோட தப்புன்னா நாம காத்திருக்கலாம் சார். விதியில இடம் இருக்கு. ஆனா வீரம்மா, அத எழுத்துல குடுக்கணும். ரிஜிஸ்ட்ரார் வரைக்கும் போகும். ஒங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். மெமோ வந்தா ஃபைல்ல ஏறிரும்."

"ஏறட்டும் மேடம். எடம் நெறைய இருக்கு. முப்பது வருஷமா என் ஃபைலு ஒண்ணும் இல்லாம சும்மாதான் கெடக்கு."

சேனாதிபதிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனால் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். "எல்லாம் சரிதாம்மா. என் ரயில் யாருக்காகக் காத்திருக்கும்?"

வீரம்மாள் அதற்காகத்தான் காத்திருந்தாள். மேசைக்குக் கிட்டே வந்து, சர்க்கரைக் கிண்ணத்தையும் இரண்டு தேத்தண்ணிக் குவளைகளையும் நகர்த்தி வைத்தாள்.

"அய்யா, இது நாம. இது பெருமாள்மலை. நடுவுல இந்தக் கிண்ணம்தான் வெள்ளி நீர்வீழ்ச்சி. நீங்க மூணரைக்குக் கெளம்புனாலும் இங்க ஒரு மணி நேரம் நிப்பீங்க. இன்னைக்கு ஏறுற வண்டியும் நிக்கிது, எறங்குற வண்டியும் நிக்கிது. ஆனா பள்ளங்கி வழியா உள்ள ஒரு தோட்டத்துப் பாதை இருக்கு. கேரட் வண்டிக்காரனுகளுக்கு மட்டுந்தான் தெரியும். கிண்ணத்தச் சுத்திப் பெருமாள்மலைக்குக் கீழ போயி மெயின் ரோட்டுல ஏறும். எங்க பொன்னுவேலு வண்டி முன்னால போகும், ஒங்க காரு பின்னால வரும். நாலே முக்காலுக்குக் கெளம்புனாலும் ஒங்கள ரயில்ல ஏத்தி விடுறது என் பொறுப்பு."

"அந்தப் பொன்னுவேலு இப்ப எங்க?"

"அந்தப் பிள்ளைய ஏத்திக்கிட்டு அதே பாதையிலதான் வந்துக்கிட்டிருக்கான்."

அந்தப் பாதையில்தான் வருகிறான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. சிக்னல் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் பொன்னுவேல் முட்டாள் இல்லை என்பது தெரியும்.

சேனாதிபதி கிண்ணத்தையும் குவளைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாலு மணி வரைக்கும்" என்றார். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. இந்தக் குவளையில டீ இருந்தாக் குடுங்க."

வீரம்மாள் வாசலில் போய் நின்றாள். மூன்று நாற்பது. பனி மேலேறி வந்து கேட்டை மறைத்தது. ஃபெமினாவும் மற்றப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகாமல் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாற்பத்தாறுக்குப் பனிக்குள்ளிருந்து ஆரன் சத்தம். விட்டு விட்டு மூன்று தடவை. கேரட் வண்டி ஆரன். அதை வீரம்மாள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

சத்தியபிரியா ஓடி வந்தாள். சேலை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. விரல் இடுக்கெல்லாம் தேங்காய் நார். பின்னால் பொன்னுவேல், "பள்ளங்கி பாதையிலதாங்க்கா வந்தேன். ஒரு எடத்துல எறங்கித் தள்ளுச்சு பிள்ளை" என்று கத்தினான்.

பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனார்கள். வீரம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். பட்டியலைப் பிரித்துப் பிடித்தாள்.

"சத்தியபிரியா!"

"இருக்கேன்க்கா!"

"பென் டிரைவ்?"

"இருக்குக்கா."

"தலையில நார் இருக்கு, நில்லு." ஒரு இழுப்பில் எடுத்தாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்து, "தப்பு என்னோடதுன்னு உள்ள சொல்லிட்டேன். நீ யாருக்கும் பயந்து பேச வேண்டாம். போ" என்றாள்.

பிள்ளை பேசினாள். முதல் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கியது. அப்புறம் நேராகிவிட்டது. அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளில் பெண்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. வீரம்மாள் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். பாதி புரிந்தது. புரிந்த பாதி நியாயமாக இருந்தது.

சேனாதிபதி கேள்வி கேட்டார். "அந்தப் பொம்பளைங்க மணிக்கணக்குச் சொன்னாங்களா ஒங்கிட்ட?"

"இல்ல சார். வெயில் ஏறுறதுக்கு முன்ன, பால் வண்டி வந்தப்பறம், இப்படித்தான் சொன்னாங்க. ஆளாளுக்கு ஒரு பேச்சு. அத நம்பி எழுதுனாத் தப்பாயிரும்னு, நானே பத்து நாளு கூட இருந்து வாட்ச்சப் பாத்துக் குறிச்சேன்."

"ரொம்ப நல்லது. அந்த வாட்ச்ச நேத்து போன் பேசுறப்பவும் கையில கட்டியிருக்கலாம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. வீரம்மாளும் சிரித்தாள், ஆனால் எல்லோருக்கும் கடைசியாக. இன்னும் மூன்று கேள்விகள் வந்தன. மூன்றுக்கும் பிள்ளை நின்று பதில் சொன்னாள். கடைசியில் சேனாதிபதி தாளில் மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சத்தியபிரியாவின் பேருக்கு நேரே இருந்த கட்டத்தில் வந்த நேரம் மூன்று ஐம்பது என்று தேவகுமாரி மேடம் எழுதினார். ஆப்சென்ட் என்ற வார்த்தை அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை வீரம்மாள் பக்கம் தள்ளினார். "வீரம்மா, அந்த லெட்டர். வேணா நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"எனக்கே எழுதத் தெரியும் மேடம்."

பெரிய பெரிய எழுத்தில் நாலே வரி எழுதினாள். பிற்பகல் என்பதைப் பின்னேரம் என்று சொன்னது என் தப்பு, மாணவி பேரில் தப்பில்லை என்று எழுதி, கீழே முழுப்பேர் போட்டுக் கொடுத்தாள். மேடம் அதைப் படித்துவிட்டு ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. அந்தப் பெருமையையும் வீரம்மாள் இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரியும் பட்டியலில் சேர்த்திருக்கிறாள்.

மதிப்பெண் உறையை ஒட்டி, முத்திரை போட்டு, சேனாதிபதி காரில் ஏறியபோது மணி நாலே முக்கால். முன்னால் பொன்னுவேலின் பிக்கப் உறுமிக்கொண்டு நின்றது. சத்தியபிரியா அதில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்த வண்டியிலேயே வத்தலக்குண்டில் இறங்கிவிடலாம். அவள் மடியில் ஃபெமினா திணித்த பிஸ்கட் பொட்டலம்.

சேனாதிபதி கார்க் கண்ணாடியை இறக்கினார். "எத்தன மணிக்கும்மா நான் கோடை ரோடு போய்ச் சேருவேன்?"

"அந்திக்கு..." என்று வீரம்மாள் வாயெடுத்தாள். படியில் நின்ற ஃபெமினா சத்தமாக இருமினாள்.

வீரம்மாள் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏழே முக்காலுக்கு அய்யா. ராத்திரி ஏழு, நாப்பத்தஞ்சு. அம்பது ஆச்சுன்னா என் பேர வெட்டுங்க."